கடைசி எபிசோடும் குமரியில் நின்றுபோன கல்யாணமும்

தோவாளைப்பூ | சனி, இரவு 11.40

அந்த டப்பிங் பேண்டசி தொடரோட கடைசி எபிசோடை இப்பதான் பாத்து முடிச்சேன். பேரு சொல்லல, இங்க பாதிப் பேரு இன்னும் நடுவுலதான் நிக்கிறீங்க. சொல்லவும் வேண்டாம், இந்த வகைக் கதைக்கெல்லாம் எலும்பு ஒண்ணுதான். ஒரு பையன், ஒரு பொண்ணு. ரெண்டு பேரும் சேந்தா நாடு அழியும்னு அவங்க பொறக்கதுக்கு முன்னாடியே ஒரு வாக்கு. அதை மீறணும்னு அவங்க அலைவாங்க, கூடவே நாமளும் வருஷக்கணக்கா அலைவோம். கடைசி இருபது நிமிஷத்துல யாராவது ஒரு தாடிக்காரர் வந்து "இது விதி"ன்னு சொல்லுவார். அவ ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். ஒரு பாட்டு. முடிஞ்சுது.

வந்த எரிச்சல்ல அம்மைகிட்ட போய்ப் புலம்பினேன். "கன்னியாகுமரி அம்மனுக்கே கல்யாணம் நடக்கல, இவளுக்கு நடக்காததுதான் உனக்குப் பெருசா?"ன்னுட்டா.

அதுல இருந்து வந்த கேள்விதான் இது. அம்மன் கதையிலயும் ரெண்டு பேரும் சேரல. ஆனா அதைக் கேட்டா எனக்கு ஏமாந்தாப்பல தோணல. இதைப் பாத்தா தோணுது. ஏன்? ஆளாளுக்கு ஒரு பதில் சொல்லுங்க. தொடர் பேரை யாரும் எழுதிராதீங்க.

தாம்பரம் மெயில் | சனி, இரவு 11.58

நான் உங்க ஊருக்கு டூர் வந்தவன் மட்டும்தான். சூரிய உதயம், படகு, வள்ளுவர் சிலைக்குப் போற கண்ணாடிப் பாலம், பாக்கெட்டுல அடைச்ச கலர் மணல். கல்யாணம் நின்னுச்சுன்னு கைடு ஏதோ சொன்னார், காத்துல பாதி கேக்கல. முழுசா யாராச்சும் சொல்லுங்களேன்.

வடசேரி அண்ணாச்சி | ஞாயிறு, காலை 6.15

சொல்லுகேன் தம்பி.

பாணாசுரன் தவம் இருந்து வரம் வாங்குகான். கன்னிப்பொண்ணு கையால ஒழிய வேற யாராலயும் சாவு வரப்பிடாது. ஒரு சின்னப் பொண்ணு நம்மள என்ன செஞ்சிர முடியும்ங்க இளக்காரம். அவன் அட்டூழியம் தாங்காம தேவர்கள் முறையிட, பராசக்தி குமரியா வந்து கடல்முனையில தவம் நிக்கா. விவேகானந்தர் மண்டபம் இருக்க பாறையில ஸ்ரீபாதம்னு ஒண்ணு காட்டுவாங்கல்லா, அது அவ ஒத்தக்கால்ல நின்ன தடம்னாக்கும் நம்பிக்கை.

இந்தப் பக்கம் சுசீந்திரத்துல இருக்க ஈசனுக்கு அவ மேல ஆசை. கல்யாணம் நிச்சயம் ஆகுது. முகூர்த்தம் நடுராத்திரி. நாரதருக்கு வயித்துல புளி கரைக்கு. கல்யாணம் நடந்தா கன்னி ஏது, அசுரனைக் கொல்ல ஆள் ஏது? முதல்ல சீர்வரிசையில மடக்கிப் பாக்காரு. கண்ணில்லாத தேங்கா, கணு இல்லாத கரும்பு, நரம்பு இல்லாத வெத்தில கொண்டு வரணும். மாப்பிள அதையும் கொண்டுவந்திருகாரு. ஊர்வலம் கெளம்பி வழுக்கம்பாறை வந்தாச்சு. அங்க வச்சு சேவல் கூவுது. விடிஞ்சிட்டு, முகூர்த்தம் தப்பிட்டுன்னு நெனச்சு மாப்பிள திரும்பிப் போயிருகாரு. கூவினது சேவல் இல்ல, நாரதர்.

இங்க பொண்ணு அலங்காரம் பண்ணிக் காத்து நிக்கா. ஆள் வரல. சமைக்க வச்சிருந்த அரிசி பருப்பெல்லாம் வீணாப் போய் மண்ணாச்சுங்கது கதை. பொறவு அவளை அடைய ஆசப்பட்டு வந்த பாணாசுரனை அவளே முடிக்கா. விஜயதசமிக்கு மகாதானபுரத்துக்குக் குதிரை வாகனத்துல போய்ப் பரிவேட்டை ஆடுகது அந்த யுத்தந்தான்.

சுசீந்திரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் மொத்தமே 10, 12 கிலோமீட்டர். அதுக்குள்ளதான் இத்தனையும். வழுக்கம்பாறை இப்பவும் அந்த ரோட்டுல உண்டும், அடுத்த தடவை பஸ்ல வந்தா எட்டிப் பாரும்.

குழித்துறை ஆறு | ஞாயிறு, காலை 8.02

அண்ணாச்சி, எனக்கொரு சம்சயம். இதுல விதி எங்க இருக்கு? வரம் கேட்டது அசுரன். அவன்கிட்ட அதை ஒத்துக்கிட்டு குடுத்தவர் ஒருத்தர். கூவினது நாரதர். ஆதாயம் தேவர்களுக்கு. எல்லாருக்கும் பேரும் முகமும் உண்டு. தோவாளை அக்கா கேட்டதுக்கு எனக்க பதில் இதாக்கும்: அம்மனுக்க கதையில கோவப்பட ஆள் உண்டு. அந்தத் தொடர்ல "விதி"ண்ணு சொல்லி எல்லாரும் கையைத் தட்டிவிட்டுப் போயிட்டானுவ. யாரும் செய்யல, தானா நடந்துதுண்ணு சொன்னா பாக்கவனுக்கு எரியும்லா.

வடசேரி அண்ணாச்சி | ஞாயிறு, காலை 8.20

நாரதரைப் பழிச்சுப் பேசாதேயும் வே. அவரு கூவலைன்னா அசுரன் கையில எல்லாரும் செத்திருக்கணும். லோகத்துக்காகச் செஞ்சது.

குழித்துறை ஆறு | ஞாயிறு, காலை 8.26

லோகத்துக்கு நல்லது, செரி. அவகிட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா? "மக்கா, இப்படி ஒரு காரியம் உண்டு, கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுவோமா"ண்ணு கேட்டா அவ முடியாதுண்ணா சொல்லுவா? அசுரனைக் கொல்லத்தானே வந்தவ? சேவல் கூவி ஏமாத்துகதுக்கு என்ன அவசியம்?

கொளச்சல் வலை | ஞாயிறு, காலை 9.10

ஒரு விஷயம் எல்லாரும் விட்டுட்டீங்க. கல்யாணம் நின்ன பொறவும் அவ மூக்குத்தியைக் கழட்டல. அந்த வெளிச்சத்தைக் கலங்கரை விளக்குன்னு நெனச்சு கப்பல் பாறையில மோதும்னு சொல்லித்தான் கிழக்கு வாசலை அடைச்சு வச்சிருக்காங்க, விசேஷ நாளுக்குத்தான் தெறக்கது. எங்க ஆளுக சின்னப் பிள்ளையில இருந்தே கேட்ட கதை. எங்க வீட்டுல கும்பிடுகது மாதாவை, இருந்தாலும் கடலுக்குப் போறவன் இந்தக் கதையைத் தெரியாம இருக்கமாட்டான்.

மணவாளக்குறிச்சி மண்ணு | ஞாயிறு, காலை 10.45

மண்ணாச்சுன்னு அண்ணாச்சி ஒரு வரியில தாண்டிப் போயிட்டார். எங்க ஊரு பொழப்பே அந்த மண்ணுதான், அதனால கொஞ்சம் நின்னு சொல்லணும்.

கல்யாண அரிசின்னு கன்னியாகுமரியில விக்காங்களே, அதுல கறுப்பா இருக்கது இல்மனைட். செவப்பு கார்னெட். அதோட ரூட்டைல், சிர்கான், மோனசைட் எல்லாம் கலந்து கிடக்கும். மலைப்பாறை காலங்காலமா அரிச்சு, ஆறு அதைக் கடலுக்குக் கொண்டுபோய், அலை லேசான மண்ணை உள்ள இழுத்துகிட்டு கனமானதைக் கரையில ஒதுக்கிட்டுப் போகுது. 1909ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர் இந்தப் பக்கத்துல இருந்து ஏத்துமதியான கயித்துல ஒட்டியிருந்த மண்ணைப் பாத்துதான் மோனசைட் இங்க இருக்குன்னு கண்டுபிடிச்சாரு. அடுத்த ரெண்டு வருஷத்துல எங்க ஊருல ஆலையே வந்தாச்சு. அந்தக் காலத்து காஸ் விளக்கு மேன்டிலுக்கு மோனசைட்ல இருக்க தோரியம் வேணும், அதுக்குத்தான் இத்தனை ஓட்டம்.

இதைச் சொல்லி கதையைக் கவுக்க வரல. அந்தக் கதையைக் கட்டினவன் எவ்வளவு கெட்டிக்காரன்னு பாருங்க. கரையில கறுப்பும் செவப்புமா நொய் அரிசி போல மண்ணு ஏற்கெனவே கிடக்கு. அதுக்கு ஒரு காரணம் வேணும். பந்தியில விழாத கல்யாணச் சோறுன்னு வச்சான். இன்னைக்கும் கதை கேட்டவன் குனிஞ்சு கையில அள்ளிப் பாக்கலாம். பிரிவுக்குத் தடயம் விட்டுட்டுப் போயிருக்கான். உங்க கடைசி எபிசோட் எதை விட்டுட்டுப் போச்சு? அந்த உலகத்துல அவங்க பிரிஞ்சதால என்ன மாறிச்சு? ஒரு ஆறு வத்திச்சா, ஒரு மரம் பூக்காமப் போச்சா? ஒண்ணும் இல்லைன்னா அந்தப் பிரிவுக்கு எடையே இல்லை.

தாம்பரம் மெயில் | ஞாயிறு, காலை 10.52

அந்தப் பாக்கெட்டைத் திறந்துகூடப் பாக்காம டிவி மேல வச்சிருக்கேன். மோனசைட்னா கதிரியக்கம் இருக்கும்ல?

நடத்துநர் | ஞாயிறு, காலை 11.00

தோரியம், கதிரியக்கம், மணல் எடுப்பு பற்றித் தனி இழை ஓடுகிறது, அங்கே பேசவும். இங்கே காதல் மட்டும்.

ஆரல்வாய்க் காத்து | ஞாயிறு, மதியம் 1.30

எல்லாரும் தெக்க பாத்தே பேசுகீங்க. கெழக்க வாங்க. எங்க ஊரைத் தாண்டி காத்தாலைகளுக்கு நடுவுல முப்பந்தல். திருநெல்வேலி ரோட்டுல போற எந்த லாரிக்காரனும் இசக்கியம்மன் கோயில்ல வண்டியை நிறுத்தாமப் போகமாட்டான். அவ கதையும் காதல்லதான் ஆரம்பிக்கு.

முன்பிறவியில அவ கோயில்ல ஆடுற குலத்துப் பொண்ணு. ஒரு பிராமணப் பையன் அவ வீட்டுல சொத்தெல்லாம் கரைச்சான். கையில காசு தீந்ததும் அம்மைக்காரி அவனை வெளிய தள்ளினா. பொண்ணு என்ன செஞ்சா? இருந்த நகையை அள்ளிப் போட்டுகிட்டு அவன் பின்னாலயே போனா. கள்ளிக்காட்டுல அவன் மடியில தலை வச்சுத் தூங்குனவளைக் கல்லைப் போட்டுக் கொன்னுட்டான், அந்த நகைக்காக. யாருமே பாக்கல. பக்கத்துல ஒரு கள்ளிச்செடி நின்னுது. அதைச் சாட்சி வச்சுட்டுச் செத்தா.

அடுத்த பிறவியில அவன் வியாபாரி. ஒரு பொண்ணால உனக்குச் சாவுன்னு ஜாதகம் சொல்லிட்டு. மந்திரிச்ச வாள் ஒண்ணைக் கையை விட்டு எறக்காமத் திரியுகான். அவ வாறா. ஒரு கள்ளிக்கொம்பை ஒடிச்சு பிள்ளையாக்கி இடுப்புல வச்சுகிட்டு, "இந்த ஆளு எம்புருஷன், என்ன விட்டுட்டு ஓடுகான்"ன்னு ஊர்ப் பெரியவங்க முன்னால நிக்கா. பிள்ளையை எறக்கி விட்டா அது நேரா அவன் மடிக்குப் போகுது. அதுக்கு மேல சாட்சி என்ன வேணும்? வாளை வாங்கி வச்சுகிட்டு ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல விட்டுக் கதவைச் சாத்திட்டாங்க. காலையில தெறந்தா அவன் பிணம்.

பேரும் ஊரும் பாடத்துக்குப் பாடம் மாறும். வடக்க திருவாலங்காட்டுப் பக்கம் பழையனூர் நீலின்னு பாடுவாங்க, இங்க வேற மாதிரி. எனக்கு முக்கியமாப் படுகது ஒண்ணுதான். இந்தக் கதையில விதியை எதிர்த்து ஓடுகவன் அவன். ஜாதகம், வாள், எச்சரிக்கை எல்லாம் அவன்கிட்ட. விதி அவ பக்கம் நிக்கு. தொடர்கள்ல விதின்னாலே காதலுக்கு எதிரின்னு ஆக்கி வச்சிருக்காங்க. அநியாயமாச் செத்தவளுக்கு விதியை விட்டா வேற கோர்ட்டு எது?

அப்புறம் அந்தக் கள்ளி. முதல் பாதியில சும்மா நின்ன செடி ரெண்டாம் பாதியில பிள்ளையா வருது. நல்லா எழுதின தொடர்ல இப்படித்தான் முதல் எபிசோட்ல கண்ணுல பட்டது கடைசி எபிசோட்ல கழுத்தைப் பிடிக்கும்.

தோவாளைப்பூ | ஞாயிறு, மதியம் 2.05

இதைக் காதல் கதைன்னு சேத்துக்கலாமாண்ணே? அவன் அவளைக் காதலிக்கவே இல்லையே.

ஆரல்வாய்க் காத்து | ஞாயிறு, மதியம் 2.11

அவ காதலிச்சாளே. சொத்து போன பொறவும் பின்னால போனவ அவ. ஒரு கையால தட்டினாலும் அது காதல்தான் பிள்ளே, சத்தந்தான் வராது.

வில்லுக்குடம் | ஞாயிறு, மாலை 5.40

இந்த இழையில எழுதணுமா வேண்டாமான்னு காலையில இருந்து யோசிச்சுகிட்டு இருந்தேன். எங்க மாமா வில்லுப்பாட்டுல குடம் அடிக்கவரு. அவரு பக்கத்துல உக்காந்து ஜால்ரா தட்டி வளந்தவன் நான். பொறவு படிப்பு, வேலைன்னு விட்டுப்போச்சு. இருந்தாலும் ஒரு கதை எங்க முடியணும்ங்க பாடம் எனக்கு அங்க கிடைச்சதுதான்.

கொடையில, அதாவது ஊர்க்கோயில் திருவிழாவுல, பாடுக கதை ரெண்டு வகை. கயிலாயத்துல பொறந்து வந்த சாமிகளுக்க கதை ஒண்ணு. மனுஷனாப் பொறந்து அநியாயமாச் செத்து அப்புறம் தெய்வமானவங்க கதை இன்னொண்ணு. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன்னு ஒரு வெளிநாட்டு ஆய்வாளர் நம்ம மாவட்டத்து வில்லுப்பாட்டைப் பத்தி 1988ல ஒரு புத்தகமே போட்டிருக்காரு, பொறப்பும் சாவுமாத்தான் அதுல கதைகளைப் பிரிச்சிருக்காரு. தோவாளை அக்கா பாத்த தொடர் ரெண்டாம் வகை.

ரெண்டாம் வகையில சாவு வார இடம் எப்படி இருக்கும் தெரியுமா? அதுவரை வேகமாப் போன பாட்டு பைய எறங்கும். குடத்துச் சத்தம் மாறும், உடுக்கு ஏறும். கொலை விழுக வரி வரும்போது சாமியாடிக்கு அருள் வரும். வந்துட்டா புலவர் அந்த வரியை விட்டுப் போகமாட்டாரு. அதையே திருப்பித் திருப்பிப் பாடுவாரு. எவ்வளவு நேரம்னு அவரு முடிவு பண்ணமுடியாது, ஆடுகவர் முடிவு பண்ணணும். நான் தாளம் தட்டித் தட்டிக் கை வீங்கினது அந்த இடத்துலதான்.

ஆனா அங்க கதை முடியாது. அதைத்தான் சொல்ல வந்தேன். செத்தவ கயிலாயத்துக்குப் போகணும். ஈசன் முன்னால நின்னு வரம் கேக்கணும். திரும்பி பூமிக்கு வரணும். தனக்கு அநியாயம் செஞ்சவங்களைத் தேடிப் போய்க் கணக்குத் தீக்கணும். ஊரு நடுங்கும், மந்திரவாதியைக் கூப்பிடும், அவனும் தோப்பான். கடைசியில "உனக்கு இடம் தாறோம், வருஷா வருஷம் கொடை தாறோம்"னு ஊரு ஒத்துக்கணும். அவ ஒரு இடத்துல நிலையம் போடுவா. அதுக்குப் பொறவுதான் வாழி பாடி வில்லைக் கழட்டுவோம்.

கேக்குகவங்க எல்லாருக்கும் கதை முன்னாலயே தெரியும். ஸ்பாய்லர்ங்க பேச்சுக்கே எடம் கிடையாது, அவ சாவான்னு தெரிஞ்சேதான் பாயை விரிச்சு விடிய விடிய உக்காந்திருப்பாங்க. அதனால அக்காவுக்கு வந்த எரிச்சல் அவங்களைப் பிரிச்சதுக்கு இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. பிரிச்ச கையோட எந்திரிச்சுப் போயிட்டாங்க. சாவு வரை பாடிட்டு வில்லைக் கழட்டினா கொடை நடத்துக ஊரு விடுமா? சம்பளத்தைக் குடுக்கமாட்டான், வண்டி ஏறவும் விடமாட்டான்.

தோவாளைப்பூ | ஞாயிறு, மாலை 6.03

இதுதான். நான் தேடிகிட்டு இருந்தது இதுதான். அந்தப் பொண்ணை அந்த நிலைக்குக் கொண்டுவந்த ஆட்கள் கடைசிக் காட்சியிலயும் சிம்மாசனத்துலதான் இருக்காங்க. அவ தியாகத்தைப் பத்தி ஒரு பிரசங்கம் வேற.

தாம்பரம் மெயில் | ஞாயிறு, இரவு 8.15

கேக்கவே பயமா இருக்கு, ஆனா கேக்குறேன். உங்க மாவட்டத்துல ஒரு காதல்கூட ஜெயிக்கலையா?

வேளிமலை வேங்கை | ஞாயிறு, இரவு 8.50

ஏன் ஜெயிக்காம? வருஷா வருஷம் ஜெயிக்கு. தக்கலைக்குப் பக்கத்துல குமாரகோவில், மேல வேளிமலை. வள்ளி தினைப்புனம் காத்த மலை இதுதான்னு எங்க ஊரு நம்பிக்கை. வேடனா வந்தாரு, கெழவனா வந்தாரு, அண்ணனை யானையாக்கி மிரட்டினாரு, எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதை. பங்குனியில திருக்கல்யாணம். அன்னைக்கு நீங்க வந்து பாக்க வேண்டியது தாலி கட்டுகதை இல்ல, அதுக்கு முன்னால நடக்க குறவர் படுகளத்தை. பொண்ணைக் கூட்டிட்டுப் போறதைத் தடுக்க மலைக்குறவங்க வந்து முருகனோட மோதுவாங்க. மோதித் தோத்து விழுவாங்க. பொறவுதான் கல்யாணம். முருகன்னாலும் அடிதடி இல்லாமப் பொண்ணு கிடைக்கல பாத்துக்கோங்க.

புராணத்துல இன்னும் ஒரு படி உண்டும். விழுந்து கிடக்கது அவளைப் பெத்து வளத்த ஆளுக. அவங்களை எழுப்பி விட்ட பொறவுதான் முறைப்படி கல்யாணம். காதல் ஜெயிச்சுது, ஆனா தகப்பன் பிணத்தைத் தாண்டி ஜெயிக்கல. விதியை எதிர்க்கிற தொடர் எடுக்கவங்க இந்த இடத்தைத்தான் படிக்கணும். கதாநாயகி காதலனோட பறந்து போயிருவா, பின்னால ஊரே எரிஞ்சு கிடக்கும், அதைப் பத்தி ஒரு பேச்சும் இருக்காது.

வடசேரி அண்ணாச்சி | ஞாயிறு, இரவு 9.05

குழித்துறைத் தம்பி கவனிக்கணும். வள்ளியைப் பத்தி முருகன்கிட்ட போய்ச் சொன்னதே யாரு? நாரதர். பெத்தவங்க சம்மதம் இல்லாமக் கூட்டிட்டுப் போறது செரியில்லன்னு திருப்பி அனுப்பினதும் அவருதான். ஒரு கல்யாணத்தை நிறுத்தினாருன்னு காலையில இருந்து அவரைக் காய்ச்சினீரே, நடத்தி வச்ச கல்யாணத்துக்கு என்ன மொய் வைப்பீரு?

குழித்துறை ஆறு | ஞாயிறு, இரவு 9.12

கொள்ளாம் அண்ணாச்சி, நல்ல அடி. ஆனாலும் நான் சொன்னதுதான் பலப்படுது. ஒரே ஆளு ஒரு எடத்துல சேக்காரு, இன்னொரு எடத்துல பிரிக்காரு. அப்போ அது விதி இல்ல, அவருக்க முடிவு. அப்பன் மவன் ரெண்டு பேருக்கும் ஒரே தரகர், மவனுக்கு மட்டும் அமைஞ்சுது.

புத்தகப்பூச்சி நாகர்கோவில் | திங்கள், காலை 7.30

ரெண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பில் குமரி வருகிறது. மிச்ச வாழ்நாளைத் துறவில் கழிக்க விரும்புகிற ஆண்களும் பெண்களும் அங்கே வந்து நீராடித் தங்குகிறார்கள், ஒரு காலத்தில் ஒரு தேவி அங்கே இருந்து நீராடினாள் என்று சொல்லப்படுகிறது என்கிறார் எழுதியவர். அந்தக் குறிப்பில் மாப்பிள்ளை இல்லை, சேவல் இல்லை, வீணான சோறு இல்லை. அங்கே தெரிகிற தேவி யாருக்காகவும் காத்திருப்பவளாகத் தெரியவில்லை. தனியாக இருப்பவள், அவ்வளவுதான். எனவே, "காதல் நிறைவேறாதவள்" என்று நாம் உச்சுக்கொட்டுகிறோமே, அது அவளுடைய துக்கமா, கதை கேட்கிற நம்முடைய துக்கமா என்று எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு.

இன்னொன்று, கன்னடியன் படைப்போர் கதை. வள்ளியூர்க் குலசேகர பாண்டியனின் படத்தைப் பார்த்தே அவன்மேல் ஆசை வைக்கிறாள் கன்னடிய மன்னன் மகள். அவன் மறுக்கிறான். தகப்பன் படையெடுத்து வருகிறான். தோற்றுப் பிடிபட்ட பாண்டியன் அவளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறான். அவள் அந்த உடலுக்கே மாலையிட்டுத் தீயில் இறங்குகிறாள். வில்லுக்குடம் சொன்ன கணக்குத் தீர்க்கும் பகுதியை இங்கே எங்கே தேடுவது? விரட்டியது அவள், மறுத்தது அவன், செத்தது இருவரும். எனக்கு இது காதல் கதைகளிலேயே மிகக் கொடூரமானது. அவன் பக்கம் நின்று பார்த்தால் அவள்தான் அவனுடைய விதி.

வில்லுக்குடம் | திங்கள், காலை 9.45

பூச்சி சார், நல்ல கேள்வி. எனக்குத் தெரிஞ்ச வரை அப்படிச் செத்தவங்களுக்கும் கதையில எடம் உண்டு, வழிபாடு உண்டு. கணக்குன்னா பழி வாங்குகது மட்டும்னு நான் சொல்லல. செத்தவங்களை அந்தரத்துல விடாம ஒரு எடத்துல உக்கார வைக்கணும். அது ஒரு கல்லா இருக்கலாம், வருஷத்துக்கு ஒரு பாட்டா இருக்கலாம்.

அவ காத்திருக்காளா, தனியா நிக்காளாங்கதுக்கு எனக்குப் பதில் இல்ல. ஆனா மூக்குத்தி விஷயம் கொளச்சல்காரர் சொன்னாரே, அதை மறந்திராதீங்க. தனியா இருக்கணும்னு முடிவு செஞ்சவளும் மூக்குத்தி போடலாம்.

கொளச்சல் வலை | திங்கள், காலை 9.58

நான் சொன்னதையே எனக்கு எதிரா திருப்பிட்டீரே.

மணவாளக்குறிச்சி மண்ணு | திங்கள், காலை 10.20

கவனிச்சீங்களா, சுசீந்திரத்துக்குத் திரும்பிப் போனவரைப் பத்தி ஒருத்தரும் பேசல. அவ பக்கத்துல மண்ணு இருக்கு, மூக்குத்தி இருக்கு, பரிவேட்டை இருக்கு. அவரு பக்கத்துல ஒரு பொய்ச் சேவலைத் தவிர என்ன இருக்கு? கண்ணில்லாத தேங்கா கொண்டுவரத் தெரிஞ்ச ஆளுக்கு மேகத்தைப் பாத்து மணி எத்தனைன்னு சொல்லத் தெரியலையா?

வடசேரி அண்ணாச்சி | திங்கள், காலை 10.31

மகேசனுக்கு மணி பாக்கத் தெரியாதுங்கீரு. நல்லா இருக்கும். தெரிஞ்சுதான் திரும்பினாருன்னு ஏன் வைக்கப்பிடாது? அசுரன் விஷயம் அவருக்குத் தெரியாதா? அவ மனசு நோகாம இருக்கச் சேவலைச் சாக்கு வச்சு நின்னுட்டாரு.

குழித்துறை ஆறு | திங்கள், காலை 10.40

அப்படீண்ணா அது இன்னும் மோசம் அண்ணாச்சி. அவளுக்குத் தெரியாம ரெண்டு ஆம்பிளைகளும் பேசி வச்சதாகிப் போகும்.

தோவாளைப்பூ | திங்கள், இரவு 9.30

பூச்சந்தையில இருந்து வந்து இப்பதான் எல்லாத்தையும் படிச்சேன். குழித்துறையார் கடைசியா சொன்னதுதான் என் தொடருக்கும் பொருந்துது. அதுலயும் ரெண்டு பேர் அவளுக்குத் தெரியாமப் பேசி வச்சிருக்காங்க, அதுல ஒருத்தன் அவளைக் காதலிக்கவன். அதைத் தியாகம்னு காட்டி நம்மள அழ வச்சிட்டாங்க. நானும் அழுதேன், அது வேற.

எனக்கு இப்போ வேணும்ங்கது ஒண்ணுதான். வில்லுக்குடம் தம்பி சொன்ன பிரகாரம் அடுத்த பாகம். அவ திரும்பி வாறா. நேரா அந்தச் சபைக்குப் போறா. "என்கிட்ட ஏன் கேக்கல"ன்னு கேக்கா. இந்த ஒரு எபிசோடை யாராவது எழுதுங்க, நாம இங்கயே தொடராப் போடுவோம். நடத்துநர் அனுமதிப்பாரா?

நடத்துநர் | திங்கள், இரவு 9.41

தொடரின் பெயரும் அதன் பாத்திரங்களும் வராமல் சொந்தக் கதையாக எழுதினால் தடையில்லை. படைப்புகள் பகுதியில் தனி இழை தொடங்கவும்.

குழித்துறை ஆறு | திங்கள், இரவு 9.50

முதல் அத்தியாயம் நான் எழுதுகேன். வழுக்கம்பாறையில வச்சு ஒரு சேவல் கூவும், அவ நேரா அங்க போய் அதுக்க கழுத்தைப் பிடிப்பா.

வடசேரி அண்ணாச்சி | திங்கள், இரவு 9.53

ரெண்டாவது அத்தியாயம் நான். சேவலுக்கும் ஒரு நியாயம் உண்டும் வே, அதைப் பேசவிட்டு எழுதும். இல்லைன்னா நான் எழுதமாட்டேன்.